திருப்பிச் சொல்கிறவர்

என் மாமனார் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டார். அவரைத் தோற்கடித்தது நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. நான் செய்ததெல்லாம் பட்டனை அழுத்தியதுதான். மழைக்கு ஒரு பட்டன், பனிக்கு ஒன்று, சிவப்பு விளக்குக்கு ஒன்று. மீதியை அவரே செய்துகொண்டார்.

ரயில் ஓட்டுநர் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. முன்பு அது எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை. இப்போது தரைக்கு ஓடு பதித்து, நடுவில் இரும்புக் கால்களின் மேல் ஒரு வெள்ளைக் கேபினை ஏற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே புதிய மின்சார ரயிலின் ஓட்டுநர் அறை அப்படியே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே திரையில் தண்டவாளம் ஓடும். வளைவில் கேபின் சாயும், பிரேக் போட்டால் உடம்பு முன்னால் போகும். ஆனால் எந்த ஊருக்கும் போகாது. பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் அதற்கு வானிலையும் விபத்தும் கொடுப்பேன். எஞ்சினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது போதும். பெரும்பாலும் இரவுப் பணி. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

நாடு முழுக்க ரயில்பாதையைப் பிரித்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இற்றுப்போன மரக்கட்டைகளை எடுத்துவிட்டு சிமென்ட் கட்டை. புது தண்டவாளம். மேலே மின்கம்பி. பழைய டீசல் எஞ்சின்கள் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக நின்றன, எடைக்குப் போக. அவற்றுக்காக அழ எனக்கு வராது. கழிப்பறையில் தண்ணீர் வராத, ஜன்னல் மூடாத ரயில் அது. நடுவழியில் எஞ்சின் படுத்துக்கொண்டால் ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அது ஒழிந்தது நல்லதுதான்.

புது கேபினில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. மாமனாரின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய எஞ்சினில் இரண்டு பேர். டிரைவர் சிக்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தானும் பார்த்துவிட்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பச்சை." "பச்சை." "மஞ்சள்." "மஞ்சள்." இரண்டு வாயும் ஒன்றைச் சொன்ன பிறகுதான் கை அசையும். சட்டம் அப்படி. புது ரயிலில் சிக்னல் டிரைவருக்கு முன்னால் இருக்கும் திரையிலேயே வந்துவிடுகிறது. அவர் தப்பாகப் பார்த்தாலும் வண்டி தானே நின்றுகொள்ளும். அதனால் திருப்பிச் சொல்கிறவர் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

மாமனாருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. சிக்னல் மாறியதும் கை நகர வேண்டும். அவர் கை ஒரு மூச்சு விடும் நேரம் தாமதமாக நகர்ந்தது. ஒவ்வொரு சிக்னலுக்கும் அப்படித்தான். வேகமான ரயிலில் ஒரு மூச்சு என்பது நிறைய தூரம். இரண்டு தடவையும் சிவப்பைத் தாண்டிப் போய் நின்றார். நிஜ ரயிலாக இருந்தால் வண்டியே பிரேக் போட்டிருக்கும். தேர்வில் அந்த வசதியை அணைத்துவிடுவோம். மனிதன் என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்போம்.

இரண்டாவது தடவை தோற்று இறங்கி வந்தபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "உங்க மெஷின் பொய் சொல்லுது மாப்பிள்ளை."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது மாமா."

"படிப்பை முடிச்சிருந்தா அதையும் கத்துக் குடுத்திருப்பீங்க."

எனக்கு அவர் வைத்த பெயர் அரை எஞ்சினீயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். மகளிடம் "உன் அரை எங்கே?" என்று கேட்பார்.

மூன்றாவது தடவையும் தோற்றால் ரயிலை விட்டுவிட வேண்டியதுதான். வேலை போகாது, சம்பளமும் அப்படியே வரும். பழைய எஞ்சின்கள் நிற்கும் இடத்துக்குக் காவலாகப் போடுவார்கள். போன வாரம் ஒருவரைப் போட்டார்கள். அவர் நாற்காலியை எஞ்சின்களுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மாமனாரும் அதைப் பார்த்தார். பார்த்ததாகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

"நீங்க கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?" என்றாள் என் மனைவி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

"எதை? மழையையா?"

"எதையோ ஒண்ணை. அப்பாவுக்கு ரயிலை விட்டா வேற என்ன தெரியும்? அந்தக் காவலுக்குப் போகாம வீட்டுல உட்கார்ந்தா எனக்கு சமையல் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிடுவாரு."

"அவரு கை லேட்டா போகுதுடி. நான் என்ன பண்ண?"

"ஏன் லேட்டா போகுது? அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை அங்க உட்கார வச்சிருக்காங்க?"

மறுநாள் வேலைக்குச் சீக்கிரமே போய், அவருடைய இரண்டு தேர்வுகளின் படத்தையும் போட்டுப் பார்த்தேன். கையைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கண்ணைப் பார்த்தேன், சிக்னல் மாறிய உடனே பார்த்துவிடுகிறார். உதடும் உடனே அசைகிறது, "மஞ்சள்" என்கிறார். அப்புறம் தலை மெல்ல இடது பக்கம் சாய்கிறது. காதைக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது. ஒரு மூச்சு நேரம் சுவரைக் கேட்டுவிட்டுத்தான் கையை நகர்த்துகிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் போட்டாள்.

"மாமா குரலுக்குக் காத்திருக்காரு" என்றாள்.

அவள் மாமா என்று சொன்னது என் மாமனாரோடு வெகுகாலம் ஓடிய உதவி டிரைவரை. ரயில்வேயில் அவருக்கு எதிரொலி என்று பெயர். என் மனைவி குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவருக்கு ஒரு மகன். இவளை அவனுக்குக் கொடுப்பது என்று இரண்டு பேரும் ஓடுகிற எஞ்சினில், ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் நடுவில், பேசி முடித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை. கேட்டபோது இவள் மாட்டேன் என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பையனும் ஒன்றும் உருகிப்போகவில்லை. ஆறே மாதத்தில் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, குண்டாகிவிட்டான். வழியில் பார்த்தால் எங்களுக்குக் கை காட்டுவான்.

காயம் ஆறாமல் இருந்தது இந்த இரண்டு பேருக்கும்தான். மகள் மாட்டேன் என்றதை மாமனார் எஞ்சினில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எதிரொலி ஒன்றும் சொல்லவில்லை. சிக்னல் வந்தது. "மஞ்சள்" என்றார் இவர். "மஞ்சள்" என்றார் அவர். அன்றிலிருந்து மூன்று வருஷம் சிக்னலைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. வணக்கம்கூட இல்லை. வேறு ஜோடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். இரண்டு பேரும் எழுதிக் கொடுக்கவில்லை. புது ரயில் வந்துதான் பிரித்தது.

எதிரொலியை இப்போது ரயில் கழுவும் இடத்தில் போட்டிருந்தார்கள். ஒரு நீளமான கொட்டகை. ரயில் மெதுவாக உள்ளே வரும், இரண்டு பக்கமும் ஆளுயரத் தூரிகைகள் சுழன்று தேய்க்கும். அவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பட்டன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் கடைசியில் பட்டன்தான் மிஞ்சியது.

"சார்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார். தூரிகையை நிறுத்தவில்லை. "சாரா? உன் பொண்டாட்டி என்னை என்னன்னு கூப்பிடுவா?"

"மாமான்னு."

"அப்ப நீ என்னை என்னன்னு கூப்பிடணும்? யோசிச்சுப் பாரு. எனக்கே குழப்பமா இருக்கு. சரி, சாரே இருக்கட்டும். என்ன வேணும்?"

தண்ணீர்ச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. மாமனார் இரண்டு தடவை தோற்றதைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார். "எனக்கென்ன அதுக்கு?"

"உங்க குரலுக்குக் காத்திருக்காரு."

"அவன் சொன்னானா?"

"அவருக்கே தெரியாது."

"அவனுக்கே தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்."

"காதைக் குடுக்கறாரு சார். இந்தப் பக்கம். நீங்க உட்கார்ற பக்கம். அங்க சுவரு இருக்கு."

தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு நின்றிருந்த ரயிலைப் பார்த்தார். அது ஏற்கனவே கழுவி முடிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பட்டனை அழுத்தித் தூரிகையை மறுபடி ஓடவிட்டார். கழுவின பெட்டியையே திரும்பவும் கழுவினார்.

"அவன்கூட நான் பேச மாட்டேன்" என்றார் கடைசியில். "சிக்னல் சொல்லுன்னா சொல்றேன். எப்ப வரணும்?"

தலைமைப் பயிற்சியாளர் ஒரு கண்டிப்பான அம்மாள். அனுமதி கேட்டபோது, "பயிற்சி நேரத்துல யாரை வேணா பக்கத்துல வச்சுக்கட்டும். தேர்வுல அந்த ஆளு வாசல்ல நின்னாலும் நான் தேர்வை நிறுத்திடுவேன்" என்றார். அது நியாயம்தான்.

எதிரொலி பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியேறிக் கேபினுக்குள் போனார். மாமனாரிடம் நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இருக்கையைத் துளி முன்னால் இழுத்துக்கொண்டார், ஆள் நிற்க இடம் விடுகிற மாதிரி. நான் ஒரு மடக்கு நாற்காலியை இடது பக்கச் சுவரோரம் போட்டுவிட்டு வந்தேன்.

ரயில் கிளம்பியது. மழை கொடுத்தேன். "பச்சை" என்றார் மாமனார். "பச்சை" என்றார் எதிரொலி. கை நகர்ந்தது. "மஞ்சள்." "மஞ்சள்." பனி கொடுத்தேன், வளைவுக்குப் பின்னால் சிவப்பை ஒளித்து வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போய், நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது.

என் பின்னால் நின்று பார்த்த தலைமைப் பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார். "அருமையா ஓட்டறாங்க, ரெண்டு பேரும். நம்மகிட்ட இருக்கறது ஒரு சீட்டு." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் எதிரொலியை வாசலிலேயே மறித்தேன். "இன்னிக்கு நீங்க சொல்லக் கூடாது சார். சும்மா உட்காரணும். அவரு சொல்லுவாரு. நீங்க வாயைத் திறக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா பழகிடுவாரு."

"சொல்லாம உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்ல."

"அவருக்காக."

"அவனுக்காகன்னு சொல்லாதே. எனக்கு எரிச்சல் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டி கிளம்பியது. "பச்சை" என்றார் மாமனார். சத்தமில்லை. காத்திருந்தார். எதிரொலி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சள்." சத்தமில்லை. மாமனாரின் கழுத்து சிவந்தது. அடுத்து வந்த சிவப்பில் வாயைத் திறந்து, சொல்லி, காத்திருந்து, காத்திருந்து, தாண்டிப் போய் நின்றார். திரை உறைந்துவிட்டது. கேபின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

மாமனார் திரும்பினார். "வாயில என்னய்யா வச்சிருக்கே?"

மூன்று வருஷத்தில் சிக்னல் அல்லாத முதல் வார்த்தை அது.

எதிரொலியும் திடுக்கிட்டுப் போனார். "சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னு உன் மருமகன் உத்தரவு."

"நீ என்னிக்கு என் மருமகன் பேச்சைக் கேட்டே?"

"நீ கேட்டுத்தானே அவனுக்குப் பொண்ணைக் குடுத்தே?"

"அவன் பேச்சைக் கேட்டா குடுத்தேன்? என் பொண்ணு பேச்சைக் கேட்டேன். நீ அப்ப ஒரு வார்த்தை திட்டியிருந்தாகூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வெறும் மஞ்சள், பச்சைன்னு மூணு வருஷம் என்னை வறுத்தே."

"நீயும்தான் வறுத்தே."

"நீ சொல்லலைன்னா, நான் பார்த்தது சரிதானான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் மாமனார். கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார். பிரேக் பிடியில் கை அப்படியே இருந்தது.

எதிரொலி கண்ணாடிக்கு வெளியே உறைந்து நின்ற பொய்யான தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் சிக்னலைப் பார்த்தே மூணு வருஷம் ஆச்சு."

"என்ன?"

"உன் மூஞ்சி இருக்கற பக்கமே திரும்பப் பிடிக்கலை. என் பக்கத்து ஜன்னல் வழியா வயலைப் பார்த்துட்டு வந்தேன். நீ பச்சைன்னா நானும் பச்சைன்னேன். நீ மஞ்சள்னா மஞ்சள். பார்த்துச் சொல்லலை, உன் வாயைக் கேட்டுச் சொன்னேன். மூணு வருஷமா நீ தனியாத்தான் ஓட்டிட்டிருக்கே. இன்னிக்கு என்ன புதுசா பயம்?"

அவர்கள் ஓட்டிய ரயிலில் என் மனைவி போயிருக்கிறாள். நான் போயிருக்கிறேன். வெளியே தெரிந்தால் எதிரொலிக்குத் தூரிகைகூட மிஞ்சாது. தலைமைப் பயிற்சியாளர் வரும் நேரம். நான் கேபின் ஒலியை அணைத்தேன். அன்றைய பயிற்சியின் பதிவையும் அழித்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

அதன் பிறகு மேலிருந்து பார்க்கும் கேமராவில் இரண்டு வழுக்கைத் தலைகள்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் அசையாமல் இருந்தன. அப்புறம் ஒன்று ஆடியது. பிறகு மற்றது. நேரம் முடிந்தும் நான் அவர்களை இறக்கவில்லை.

தேர்வு நாளில் எதிரொலி மையத்தின் பக்கமே வரவில்லை. மாமனார் தனியாகப் படியேறினார். என்னைப் பார்த்து, "மழை, பனி, எது வேணா போடுங்க மாப்பிள்ளை. குறை வைக்காதீங்க" என்றார். குறை வைக்கவில்லை. பனியை இருக்கிற அளவுக்கு ஏற்றினேன். தலைமைப் பயிற்சியாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முதல் சிக்னல். "பச்சை" என்றார். தலை இடது பக்கம் சாயத் தொடங்கியது. பாதியில் நின்றது. கை நகர்ந்தது.

அடுத்தது. "மஞ்சள்." தலை அசையவில்லை. கை நகர்ந்தது.

அப்புறம் நான் என் திரையில் ஓடிய வேக வரைபடத்தைப் பார்க்கவில்லை. தலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராகவே இருந்தது. வண்டி கடைசி நிலையத்தில் வந்து நின்றபோது, தலைமைப் பயிற்சியாளர் எனக்கு முன்னால் குனிந்து தேர்ச்சிக்கான பச்சைக் குறியை அவரே அழுத்தினார்.

வெளியே வந்தபோது எதிரொலி மையத்தின் கேட்டுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தார். பூட்ஸ் காலோடு வந்திருந்தார். மாமனார் கையை உயர்த்திக் காட்டினார். எதிரொலி தலையை மட்டும் ஆட்டினார், தனக்கு ஏற்கனவே தெரியும் என்கிற மாதிரி. கடைக்காரரிடம் திரும்பி இன்னொரு டீ சொன்னார்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அன்னிக்கு அவரு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. மூணு வருஷமா சிக்னலே பார்க்கலைன்னாரே."

"கேட்டுடுச்சா?"

"பதிவை அழிச்சுட்டேன்."

அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முழு எஞ்சினீயர் பண்ண மாட்டான் அதை" என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷம் பனிக்காலத்துல நான் பச்சைன்னேன். அவன் மஞ்சள்னான். மஞ்சள்தான். பிரேக் போட்டேன். முன்னாடி ஒரு கூட்ஸ் வண்டி நின்னுட்டிருந்தது. பார்க்காதவன் எப்படி மாத்திச் சொல்வான்?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அப்ப அவரு சொன்னது..."

"சுத்தப் பொய். அந்த ஆளுக்குத் தன் கண்ணைப் பத்தி எவ்வளவு திமிர் தெரியுமா? எனக்கு முன்னாடி சிக்னலைப் பார்த்துட்டு, நான் சொல்ற வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். மூணு வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அப்படிப்பட்டவன் வாயால, நான் வேலை பார்க்கலை, சும்மா உட்கார்ந்திருந்தேன்னு சொல்லிக்கிட்டான். எனக்காக. அதுக்கப்புறமும் அவன் வாயைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா நான் என்ன மனுஷன்?"

அந்தப் பக்கத்திலிருந்து எதிரொலி கத்தினார். "யோவ், டீ ஆறுது. வர்றியா, ஊத்திடவா?"

"வர்றேன், வர்றேன்" என்றார் மாமனார். சாலையில் காலை வைத்தவர் திரும்பினார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

"எதை மாமா?"

"நான் நம்பலைங்கறதை."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு லாரி போகும்வரை நின்றார். பிறகு இரண்டு பக்கமும் தானே பார்த்துக்கொண்டு கடந்து போனார்.